ஓர் ஒட்டுக்கேட்பு ஆணை: 2011-இல் கையெழுத்து, 2025-இல் ரத்து

சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் 2025 ஜூலை 2 அன்று தீர்ப்பளித்த வழக்கு இது. மத்திய உள்துறை பிறப்பித்த தொலைபேசி ஒட்டுக்கேட்பு ஆணை ஒன்று செல்லாது என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் இங்கே தேவைப்படவில்லை. ஆணை எப்படிப் பிறந்தது, எந்த இடத்தில் சட்டத்தை விட்டு விலகியது, அதைத் தடுத்திருக்க வேண்டியவர்கள் ஏன் தடுக்கவில்லை என்பதுதான் நமக்கு வேண்டியது. லஞ்சக் குற்றச்சாட்டு உண்மையா பொய்யா என்ற கேள்விக்குள் உயர் நீதிமன்றம் போகவில்லை. இந்த ஆய்வும் போகாது.

பின்னணி

குற்றச்சாட்டு இதுதான். ஒரு தனியார் நிறுவனத்தின் வரி விவகாரத்தில் உதவி செய்வதற்காக வருமான வரித் துறையின் உயர் அதிகாரி ஒருவர் ரூ.50 லட்சம் கேட்டார். நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் அதற்கு உடன்பட்டார். மூன்றாவது நபர் ஒருவர் இடையில் நின்றார். அதிகாரி, இயக்குநர், அந்த மூன்றாமவர் ஆகிய மூவர் மீதும் சிபிஐ வழக்குப் பதிந்தது.

லஞ்ச வழக்குகளில் வழக்கமான வழி, பொறி வைத்துப் பிடிப்பது. பணம் கேட்கப்பட்டவர் புகார் கொடுப்பார். நோட்டுகளில் பினாப்தலீன் பொடி தடவி, எண்களைக் குறித்து வைத்துக்கொண்டு, சாட்சிகளோடு அவரை அனுப்புவார்கள். வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் நீர் இளஞ்சிவப்பாக மாறும். இதில் ஒட்டுக்கேட்புக்கு வேலையே இல்லை. ஆனால் கொடுப்பவரும் வாங்குபவரும் கைகோத்துக்கொண்டால் புகார்தாரர் என்று ஒருவர் இருக்க மாட்டார். புலனாய்வு அமைப்புகள் தொலைபேசியின் பக்கம் போவது இப்படிப்பட்ட இடத்தில்தான். அந்தத் தேவை கற்பனையல்ல. அதை ஒப்புக்கொண்டால்தான் இந்த வழக்கின் கேள்வி சரியாகப் பிடிபடும்: ஒரு கருவி பயனுள்ளது என்பதாலேயே அதைக் கையிலெடுக்கும் அதிகாரம் அரசுக்கு வந்துவிடுமா?

2011 ஆகஸ்ட் 12 முதல் 29 வரை

ஆகஸ்ட் 12 அன்று, 1885-ஆம் ஆண்டு இந்தியத் தந்திச் சட்டத்தின் பிரிவு 5(2)-இன் கீழ் மத்திய உள்துறை ஆணை பிறப்பித்தது. நிர்வாக இயக்குநரின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க சிபிஐக்கு அனுமதி கிடைத்தது. 17 நாள் கழித்து, ஆகஸ்ட் 29 அன்று, முதல் தகவல் அறிக்கை பதிவானது. அதே நாளில் அதிகாரியின் வீட்டருகே அவரையும் மூன்றாமவரையும் சிபிஐ மடக்கியது. ஓர் அட்டைப்பெட்டியில் ரூ.50 லட்சம் இருந்தது.

நிர்வாக இயக்குநர் அந்த இடத்தில் இல்லை. அவரிடமிருந்து பணம் எதுவும் கைப்பற்றப்படவும் இல்லை. அவருக்கு எதிரான வழக்கில் பதிவு செய்யப்பட்ட உரையாடல்கள் எவ்வளவு முக்கியம் என்பதை இந்த விவரமே சொல்லிவிடும்.

பிரிவு 5(2) எதைக் கேட்கிறது

இந்தப் பிரிவுக்கு இரண்டு வாசல்கள். முதல் வாசலில் ‘பொது அவசரநிலை’ ஏற்பட்டிருக்க வேண்டும், அல்லது ‘பொதுமக்கள் பாதுகாப்பு’ கருதி நடவடிக்கை தேவைப்பட வேண்டும். அதைத் தாண்டிய பிறகுதான் இரண்டாவது வாசல்: நாட்டின் இறையாண்மை மற்றும் ஒருமைப்பாடு, அரசின் பாதுகாப்பு, வெளிநாடுகளுடனான நட்புறவு, பொது ஒழுங்கு, குற்றம் செய்யத் தூண்டுவதைத் தடுத்தல் ஆகிய ஐந்தில் ஒன்றின் நலனுக்காக ஒட்டுக்கேட்பு அவசியம் என்று அதிகாரி மனநிறைவு அடைந்து, அதை எழுத்தில் பதிய வேண்டும்.

நடைமுறையில் பல ஆணைகள் இரண்டாவது வாசலில் நின்றுகொண்டு முதலாவதையும் தாண்டிவிட்டதாகச் சொல்லிக்கொள்கின்றன. ‘தூண்டுதலைத் தடுக்க’ என்ற சொற்கள் ஏறத்தாழ எந்தக் குற்றத்துக்கும் பொருந்துவதுபோல் தோன்றுவதுதான் காரணம். இந்தக் குழப்பத்தை உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 18 அன்றே தீர்த்து வைத்தது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த அந்த வழக்கு, அரசியல்வாதிகளின் தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்டது குறித்த ஓர் அறிக்கையிலிருந்து பிறந்தது. அனுமதிகளிலும் பதிவேடுகளிலும் இருந்த ஓட்டைகளை அந்த அறிக்கை எடுத்துக்காட்டியிருந்தது. அறிக்கையைத் தயாரித்தது இதே சிபிஐதான்.

அந்தத் தீர்ப்பின்படி பொது அவசரநிலை என்பது மக்கள் அனைவரையும் பாதிக்கும், உடனடி நடவடிக்கை கோரும் திடீர் நிலைமை. பொதுமக்கள் பாதுகாப்பு என்பது மக்கள் அனைவரும் ஆபத்தின்றி இருக்கும் நிலை. இரண்டுமே ரகசியமானவை அல்ல. விவரமறிந்த எவருக்கும் வெளிப்படையாகத் தெரிபவை. இந்தக் கடைசி வரியில்தான் 2025 தீர்ப்பு நிற்கிறது.

குற்றத்தைக் கண்டுபிடிப்பது, புலன்விசாரணை செய்வது ஆகியவை பிரிவு 5(2)-இல் இல்லை. சட்டமியற்றியவர்கள் மறந்துவிட்டார்கள் என்று சொல்லவும் முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 69-இல் ‘எந்தக் குற்றத்தையும் புலன்விசாரணை செய்வதற்கு’ என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் 1999-ஆம் ஆண்டு அமைப்புசார் குற்றத் தடுப்புச் சட்டமும் ஒட்டுக்கேட்புக்கென்று தனிப் பிரிவுகளையே வகுத்திருக்கிறது. வேண்டும் என்று நினைத்த இடத்தில் எழுதத் தெரிந்தவர்கள், தந்திச் சட்டத்தில் எழுதவில்லை.

விதி 419-ஏ: காகிதத்தில் கட்டிய கடிவாளம்

1996 தீர்ப்பு வகுத்த நெறிகள் பின்னர் தந்தி விதிகளில் 419-ஏ என்ற எண்ணில் இடம்பெற்றன. 2007-இல் திருத்தப்பட்ட வடிவம்தான் 2011-இல் நடைமுறையில் இருந்தது.

அதன்படி ஆணையிடும் அதிகாரம் மத்தியில் உள்துறைச் செயலருக்கும் மாநிலத்தில் உள்துறையைக் கவனிக்கும் செயலருக்கும் மட்டுமே. தவிர்க்க முடியாத சூழலில் இணைச் செயலர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒருவர், முறையாக அதிகாரம் பெற்றிருந்தால், கையெழுத்திடலாம். ஆணையில் காரணங்கள் இருக்க வேண்டும். அதே தகவலை வேறு வழியில் பெற முடியுமா என்று முதலில் யோசித்திருக்க வேண்டும். ஒரு ஆணையின் ஆயுள் 60 நாள்; நீட்டித்தாலும் மொத்தம் 180 நாளைத் தாண்டக் கூடாது. ஆணையின் நகல் 7 வேலை நாளுக்குள் மறுஆய்வுக் குழுவுக்குப் போய்ச் சேர வேண்டும்.

மத்தியில் இந்தக் குழுவின் தலைவர் அமைச்சரவைச் செயலர். சட்டத் துறைச் செயலரும் தொலைத்தொடர்புத் துறைச் செயலரும் உறுப்பினர்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது கூடி, ஒவ்வோர் ஆணையும் பிரிவு 5(2)-க்கு உட்பட்டதுதானா என்று பார்த்துத் தன் முடிவைப் பதிய வேண்டும் என்கிறது உட்பிரிவு 17. உட்படவில்லை என்றால் ஆணையை ரத்து செய்து, பதிவுகளை அழிக்கச் சொல்லவும் குழுவுக்கு அதிகாரம் உண்டு.

இந்த அமைப்பின் பலவீனத்தை இரண்டு கணக்குகள் காட்டிவிடும். ஆணையின் ஆயுள் 60 நாள். குழு கூடும் இடைவெளியும் ஏறத்தாழ அதே 60 நாள். குழு முதல்முறை பார்ப்பதற்குள் ஒட்டுக்கேட்பு முடிந்துவிடலாம். இந்த வழக்கில் 17 நாளிலேயே கைது வரை போய்விட்டது. இன்னொன்று எண்ணிக்கை. தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்காக அமைக்கப்பட்ட நீதிபதி பி.என்.ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-இல் தந்த அறிக்கை, மறுஆய்வுக் குழு ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 ஆணைகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று குறிப்பிட்டது. எட்டு மணி நேரம் இடைவேளையின்றி உட்கார்ந்தாலும் ஓர் ஆணைக்கு இரண்டு நொடிகூடக் கிடைக்காது. ஆணையிடுவதும் செயலர், சரிபார்ப்பதும் செயலர்கள், இடையில் நீதிபதி எவரும் இல்லை என்ற நிலையில், இந்த இரண்டு நொடியைத்தான் குடிமக்களின் பாதுகாப்பு என்று அரசு சொல்லி வந்திருக்கிறது. இதை ஏற்க முடியாது.

மனுவும் வாதங்களும்

ஒட்டுக்கேட்கப்படுபவருக்கு யாரும் தகவல் சொல்வதில்லை. ஆணை ரத்தானாலும், காலம் முடிந்தாலும், பதிவுகள் அழிக்கப்பட்டாலும் அவருக்குத் தெரிய வராது. ஆகவே ஆணையை எதிர்த்து நீதிமன்றம் போகக்கூடியவர்கள் பெரும்பாலும் குற்ற வழக்கில் அந்தப் பதிவுகளைச் சந்திப்பவர்கள் மட்டும்தான். வழக்கே வராதவர்களின் தொலைபேசிகள் என்ன ஆயின என்பது எந்த நீதிமன்றத்தின் முன்னும் வருவதில்லை. இந்த நிர்வாக இயக்குநரின் ரிட் மனு 2018-ஆம் ஆண்டு எண் பெற்றது.

இடையில் ஒரு பெரிய மாற்றம் நடந்திருந்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு, புட்டசாமி வழக்கில், அந்தரங்க உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது கூற்றில் அடங்கிய அடிப்படை உரிமை என்று அறிவித்தது. 2011-இல் இந்தத் தீர்ப்பு இல்லைதான். ஆனால் ஆணை பிறந்த நாளில் 1996 தீர்ப்புக்கு ஏறத்தாழ 15 வயது. விதி 419-ஏ-யும் அமலில் இருந்தது. புதிய அளவுகோலால் பழைய செயலை அளக்கிறார்கள் என்ற குறைக்கு இங்கே இடமில்லை.

அரசுத் தரப்பின் மைய வாதம், பொதுமக்கள் பாதுகாப்பு என்ற தொடரை விரிவாகப் பொருள்கொள்ள வேண்டும், லஞ்சம் போன்ற குற்றங்களைக் கண்டுபிடிப்பதும் அதில் அடங்கும் என்பது. இது அலட்சியமாக ஒதுக்கத்தக்க வாதமல்ல. லஞ்சம் மக்களைப் பாதிக்கிறது; வரி வசூலில் நடக்கும் லஞ்சம் அரசின் கருவூலத்தையே அரிக்கிறது. ஆனால் அந்த வழியில் போனால் முதல் வாசலே இல்லாமல் போய்விடும். எல்லாக் குற்றமும் ஏதோ ஒரு வகையில் மக்களைப் பாதிப்பதுதான். பிறகு ‘பொது அவசரநிலை’, ‘பொதுமக்கள் பாதுகாப்பு’ என்ற சொற்களைச் சட்டத்தில் எழுதிவைத்ததற்கு அர்த்தம் என்ன?

இதேபோன்ற வழக்கு முன்பே மும்பையில் வந்திருந்தது. பொதுத்துறை வங்கி அதிகாரிக்கு ரூ.10 லட்சம் லஞ்சம் கொடுத்ததாகக் குற்றம்சாட்டப்பட்ட தொழிலதிபர் ஒருவரின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க 2009, 2010-இல் பிறந்த மூன்று ஆணைகளை, பம்பாய் உயர் நீதிமன்றம் 2019 அக்டோபரில் ரத்து செய்து, பதிவுகளை அழிக்கவும் உத்தரவிட்டது.

2025 ஜூலை 2: தீர்ப்பு

ஒட்டுக்கேட்பு, சட்டம் வகுத்த நடைமுறையால் நியாயப்படுத்தப்பட்டாலொழிய, 21-ஆவது கூற்றை மீறுவதாகும் என்பதிலிருந்து தீர்ப்பு தொடங்குகிறது. அடுத்து முதல் வாசலுக்கு வருகிறது. இங்கே நடந்தது குற்றத்தைக் கண்டுபிடிப்பதற்கான மறைமுக நடவடிக்கை. விவரமறிந்த எவருக்கும் வெளிப்படையாகத் தெரியும் நிலைமை அல்ல அது. எனவே இன்றுள்ள சட்டத்தின்படி இத்தகைய சூழல் பிரிவு 5(2)-இன் எல்லைக்குள் வராது என்று நீதிமன்றம் முடிவு செய்தது.

இரண்டாவது காரணம் விதி 419-ஏ(17). ஒட்டுக்கேட்ட விவரங்கள் உரிய காலத்துக்குள் மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கப்படவில்லை. விதிகள் கட்டாயமானவை, பின்னால் நிரப்பிக்கொள்ளும் படிவங்கள் அல்ல. ஆணை அரசமைப்புக்கு முரணானது, அதிகார வரம்பு இல்லாதது என்று ரத்தானது. அதன்கீழ் பதிவான உரையாடல்களை எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தக் கூடாது என்றும் நீதிமன்றம் சொன்னது.

இந்த இரண்டு காரணங்களும் சமமானவை அல்ல என்பது எங்கள் கருத்து. குழுவின் முன் வைக்கத் தவறியது அலுவலகப் பிழை. அடுத்த வழக்கில் ஒரு குறிப்பாணையால் அதைச் சரிசெய்துவிடலாம். முதல் காரணம் அப்படியல்ல. கோப்பு எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், லஞ்சத்தைக் கண்டுபிடிப்பதற்காகப் பிரிவு 5(2)-ஐக் கையிலெடுக்க முடியாது என்பது அதிகாரத்தின் எல்லையைப் பற்றிய விடை. தீர்ப்பைப் படிப்பவர்கள் குழு விஷயத்தோடு நின்றுவிடக் கூடாது.

எஞ்சிய ஆதாரம்

தீர்ப்பின் கடைசிப் பகுதிக்குக் கிடைக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை. ஒட்டுக்கேட்புக்குப் பின், அதைச் சாராமல் சிபிஐ திரட்டிய மற்ற ஆதாரங்களுக்கு இந்தத் தடை பொருந்தாது. அவற்றை விசாரணை நீதிமன்றம் தன் போக்கில், இந்த உத்தரவின் தாக்கமின்றி மதிப்பிடலாம். ‘பின்’ என்பதோடு ‘சாராமல்’ என்பதும் சேர்ந்து வருகிறது.

இந்திய நீதிமன்றங்கள் சட்டவிரோதமாகக் கிடைத்த ஆதாரத்தை அதற்காகவே ஒதுக்கிவிடுவதில்லை. 1970-களில் உச்ச நீதிமன்றம் தந்த மல்கானி, பூரண்மல் தீர்ப்புகள், ஆதாரம் வழக்குக்குத் தொடர்புடையதா என்பதையே முதன்மையாகப் பார்த்தன. அந்தரங்கம் அடிப்படை உரிமையாக நிலைபெறாத காலம் அது. அடிப்படை உரிமையை மீறிப் பெற்ற பதிவுக்கு அந்த வாதம் இன்னும் எவ்வளவு தூரம் போகும் என்பது இனிதான் முழுமையாகத் தீர வேண்டும். உதாரணமாக, அந்த அட்டைப்பெட்டி. அதை மடக்கியது ஒட்டுக்கேட்ட தகவலால் மட்டும்தானா, அல்லது நேரடிக் கண்காணிப்போ தகவலாளியோ சிபிஐயைத் தனியாக அங்கே கொண்டு சேர்த்ததா? விசாரணை அதிகாரியின் நாட்குறிப்பு, மகஜரில் (பொருளைக் கைப்பற்றும்போது சாட்சிகள் முன் எழுதும் பத்திரம்) உள்ள நேரம், சாட்சிகள் எப்போது அழைக்கப்பட்டார்கள் என்ற குறிப்பு ஆகியவற்றைக் கொண்டுதான் இதை நிறுவவோ மறுக்கவோ முடியும். 2011-இல் எழுதிய குறிப்புகளை வைத்துக்கொண்டு இவ்வளவு காலம் கழித்து அதைச் செய்வது இரு தரப்புக்கும் கடினம்.

வேறு எப்படி நடந்திருக்கலாம்

புலனாய்வுப் பக்கம் பார்த்தால், உரையாடலின் உள்ளடக்கத்தைத் தொடாத வழிகள் இருந்தன. யார் யாரோடு எப்போது பேசினார்கள் என்ற அழைப்பு விவரப் பட்டியலை அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 91-இன் கீழ் கேட்டுப் பெறலாம். இன்று அது, அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பிஎன்எஸ்எஸ் என்னும் புதிய சட்டத்தின் பிரிவு 94. வங்கியிலிருந்து பெருந்தொகை எடுக்கப்பட்டதைக் கவனிக்கலாம். ஆளை நேரில் பின்தொடரலாம். அழைப்புப் பட்டியலும் அந்தரங்கத்தைத் தொடுவதுதான், ஆனாலும் பேச்சைக் கேட்பதற்கும் அதற்கும் தூரம் அதிகம். இவற்றை முதலில் முயன்று, ஏன் போதவில்லை என்று எழுதியிருந்தால் ‘வேறு வழி’ பற்றிய விதிக்காவது ஒரு பதில் கோப்பில் இருந்திருக்கும். முதல் வாசல் அப்போதும் திறந்திருக்காது.

குற்றம்சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் முதலில் கேட்க வேண்டியது ஒலிப்பதிவை அல்ல, ஆணையை. அதில் காரணங்கள் இருக்கின்றனவா, சட்ட வாசகம் மட்டும் திரும்ப எழுதப்பட்டிருக்கிறதா? கையெழுத்திட்டவருக்கு அந்த அதிகாரம் இருந்ததா? 7 வேலை நாளுக்குள் நகல் போனதற்கு அனுப்புகைப் பதிவு உண்டா? மறுஆய்வுக் குழு கூடிய தேதியும் அதன் முடிவும் எங்கே? நீட்டிப்புகளைக் கூட்டினால் 180 நாளைத் தாண்டுகிறதா? இவற்றுக்குப் பிறகுதான் மின்னணு ஆதாரச் சான்றிதழும் குரல் மாதிரி ஒப்பீடும் வர வேண்டும். பலர் குரல் யாருடையது என்ற சண்டையில் ஆண்டுகளைச் செலவழித்துவிட்டு, ஆணையைப் பற்றி மேல்முறையீட்டில்தான் பேசுகிறார்கள். ஒலிப்பதிவு சான்றாவணமாகக் குறியிடப்படும் முன்பே ஆட்சேபத்தைப் பதிவு செய்யாவிட்டால் பிறகு வேலை இரட்டிப்பாகும்.

இன்றைய நிலை

தந்திச் சட்டத்தின் இடத்தை 2023-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டம் பிடித்துக்கொண்டது. அதன் பிரிவு 20(2) அதே பழைய முதல் வாசலை, அதே சொற்களோடு வைத்திருக்கிறது. 1996 தீர்ப்பின் விளக்கம் அப்படியே தொடர்கிறது என்று வாதிட இது வலுவான அடிப்படை. விதி 419-ஏ-க்குப் பதிலாக 2024 டிசம்பர் 6 அன்று புதிய விதிகள் அறிவிக்கப்பட்டன. அவசரத்தில் தொடங்கிய ஒட்டுக்கேட்பு 7 வேலை நாளுக்குள் உறுதி செய்யப்படாவிட்டால், கிடைத்ததை ஆதாரமாகப் பயன்படுத்தக் கூடாது என்பது அதில் நல்ல மாற்றம். ஆனால் மறுஆய்வுக் குழு இப்போதும் செயலர்களால் ஆனதுதான். நீதிபதியின் முன்அனுமதியும் இல்லை, சம்பந்தப்பட்டவருக்குப் பின்னரேனும் தகவல் சொல்லும் கடமையும் இல்லை.

இதற்கிடையில் டெல்லி உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் வேறு திசையில் போனது. அரசுக் கட்டுமான ஒப்பந்தம் தொடர்பான லஞ்ச வழக்கில், ஊழல் பொருளாதாரத்தைப் பாதிக்கும் அளவைக் கருதி, அது பொதுமக்கள் பாதுகாப்பின் எல்லைக்குள் வரும் என்று அந்த நீதிமன்றம் கொண்டது. ஆகவே ஒரே மத்திய அமைச்சகத்தின் ஒரே மாதிரியான ஆணை சென்னையிலும் மும்பையிலும் செல்லாது, டெல்லியில் செல்லும். உச்ச நீதிமன்றம் இதைத் தீர்க்கும் வரை, வழக்கு எந்த ஊரில் பதிவாகிறது என்பதே பதிவுகளின் கதியைத் தீர்மானிக்கும். புலனாய்வு அமைப்புகள் அதை மனதில் வைத்து ஊரைத் தேர்ந்தெடுக்கவும் வாய்ப்பிருப்பதால், முதல் தகவல் அறிக்கையின் இட எல்லையையும் இனி ஆரம்பத்திலேயே ஆராய வேண்டியிருக்கிறது.